மலைப் பாதையில கேமராவ எங்க வைக்கிறது?

கொடைக்கானல் பக்கத்துல வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் பாறைய தாண்டி வெள்ளகவி கிராமத்துக்கு எறங்குற பாதைய நடந்தவங்களுக்கு நான் என்ன சொல்ல வர்றேன்னு பாதி இப்பவே புரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு சொல்றேன், அங்க படி கெடையாது, மர வேருதான் படி, வேரு முடிஞ்சா உருளைக்கல்லு, கல்லுக்கு நடுவுல பாசி, முந்தின நாள் மழை பேஞ்சிருந்தா கேக்கவே வேணாம். அந்த மாதிரி எடத்துல ஒரு கை எப்பவும் எதையாவது புடிக்க தயாரா இருக்கணும், கண்ணு காலுக்கு முன்னாடி இருக்கற ரெண்டு அடிய விட்டு நகரக் கூடாது. கழுத்துல ஒரு கேமரா தொங்குதுன்னு வைங்க, ஒரு கை தானா அத அணைச்சு புடிக்கப் போயிரும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நான் இங்க பேசப் போறது பூரா அந்த ஒரு கைய திரும்ப வாங்குறத பத்திதான்.

எனக்கு ஊரு பெரியகுளம். மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி கொடைக்கானல் போற வெள்ளக்காரங்க எங்க ஊரு பக்கமாத்தான் மலையேறுவாங்க, நடந்தும் குதிரையிலயும் ஆளுங்க தூக்குற டோலியிலயும். அந்தக் காலத்து மரப்பெட்டி கேமராவையும் கண்ணாடி ப்ளேட்டையும் எவன் தலையில ஏத்தி விட்டிருப்பாங்களோ, அந்த ஆளுக்கு யாரும் போட்டோல கிரெடிட் குடுத்திருக்க மாட்டாங்க. இப்ப நம்ம சுமைய நாமதான் தூக்கணும், அதனால எப்படி தூக்குறதுன்னு யோசிக்க வேண்டியதா இருக்கு.

கம்பெனிக்காரன் டப்பாவுக்குள்ள போட்டுத் தர்ற கழுத்து பட்டை இருக்குல்ல, அது கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நல்லா இருக்கும். மலைக்கு ஆகாது. நிமிந்து நிக்கும்போது ஒண்ணும் தெரியாது, நீங்க குனிஞ்ச உடனே கேமரா உடம்ப விட்டு முன்னாடி ஆடும், எறக்கத்துல எதிர்ல இருக்கறது கல்லு. என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், போட்டோவுல என்ன விட கில்லாடி, சொன்னா மட்டும் கேக்க மாட்டான். "மாமா, சும்மா பயப்படாதீங்க, நான் கையில புடிச்சுக்கறேன்"னு சொல்லிட்டு முன்னாடி நடந்தான். வெள்ளகவி ஊருக்குள்ள யாரும் செருப்பு போட்டு நடக்க மாட்டாங்க, ஊரே அவங்களுக்கு கோயில், வெளியூர்க்காரங்களும் எல்லையிலயே கழட்டிறணும். இவன் அங்க ஷூ லேஸ் அவுக்க குனிஞ்சான், கேமரா போய் பாறையில டங்குனு ஒரு முட்டு. லென்ஸ் தப்பிச்சிருச்சு, முன்னாடி மாட்டியிருந்த ஃபில்டர் வளையம் நசுங்கி மரையில இறுகிக்கிச்சு, அப்புறம் அத கழட்டறதுக்கு மதுரையில ஒரு கடையில ரம்பம் எல்லாம் வச்சாங்க. அவ்வளவு நேரம் மோசமான பாதையில வந்தப்ப ஒண்ணும் ஆகல, ஷூ கழட்டும்போதுதான் ஆச்சு, அத கவனிங்க. லேஸ் கட்டுறது, ஓடையில தண்ணி மோக்குறது, காலுல ஏறுன அட்டைய புடுங்குறது, கேமரா அடி வாங்குறது பெரும்பாலும் இந்த மாதிரி குனியற நேரத்துலதான்.

இதுல இருந்தே ஒண்ணு சொல்லிக்கறேன். ஃபில்டர் போட்டா லென்ஸுக்கு பாதுகாப்புன்னு கடையில சொல்லி விப்பாங்க, என்னைக் கேட்டா மலையில ஹூட்தான், அதாவது லென்ஸ் மூக்குல மாட்டுற அந்த குழல் மாதிரி மறைப்புதான், பாதுகாப்பு. பிளாஸ்டிக் ஹூட் அடிய வாங்கிக்கிட்டு கழண்டு விழும், இல்ல விரியும், புதுசு வாங்கிக்கலாம். மழைத்துளி, வெரல் ரேகை, செடி கொடி உரசறது எல்லாத்தையும் அதுவே பாதி தடுத்துரும். வெயில் இல்லன்னாலும் ஹூட்ட கழட்டாதீங்க.

சரி, கழுத்துல வேணாம்னா எங்க? பேக் பேக்குக்குள்ள வச்சா ரொம்ப பத்திரம், ஆனா போட்டோ எடுக்க மாட்டீங்க. பைய எறக்கி, ஜிப்ப தொறந்து, துணிய வெலக்கி கேமராவ எடுக்கறதுக்குள்ள அந்த சிரிப்பான் குருவி அடுத்த மரத்துக்கு போயிருக்கும், கூட வர்றவங்க அடுத்த வளைவுக்கு போயிருப்பாங்க. ரெண்டு மூணு தடவ இப்படி ஆச்சுன்னா சோம்பேறித்தனம் வந்து கேமராவ வெளியவே வச்சுக்குவீங்க, அங்கதான் ஆபத்து ஆரம்பிக்குது. அதனால என் தீர்ப்பு நெஞ்சு. சின்னதா ஒரு கேமரா பை, மேல மூடி தொறக்கற மாதிரி, அத பேக் பேக்கோட ரெண்டு தோள் பட்டையிலயும் கொக்கி போட்டு மாட்டிடுறது. எடை தோளுக்கு போயிரும், கழுத்துக்கு வராது. முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம்னு சுமை பிரியறதால ஏத்தத்துல பின்னாடி இழுக்கற மாதிரியும் இருக்காது. ஒரு கையாலயே தொறந்து எடுத்து மூடிறலாம், ரெண்டு கையும் மிச்ச நேரம் சும்மா இருக்கும்.

ஆனா இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, யாரும் வீடியோவுல சொல்ல மாட்டாங்க. நெஞ்சுப் பை எறக்கத்துல உங்க காலு தெரியாம மறைச்சிரும். ஏறும்போது பாதை கண்ணுக்கு நேரா இருக்கும், எறங்கும்போது பாதை காலுக்கு கீழ இருக்கும், நடுவுல இந்தப் பை துருத்திட்டு நிக்கும். வட்டக்கானல்ல இருந்து எங்க ஊரு பக்கத்து கும்பக்கரை அருவி வரைக்கும் எறங்குறதுன்னா அத்தன நேரமும் எறக்கம்தான், முழங்காலு நடுங்க ஆரம்பிச்சப்புறம் எங்க மிதிக்கறோம்னு தெரியலன்னா வேலைக்காகாது. நான் செங்குத்தான எறக்கம் வந்தா நின்னுட்டு கேமராவ பேக் பேக்குக்கு மாத்திடுவேன். மாத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், கூட வர்றவங்க சலிச்சுக்குவாங்க, சலிச்சுக்கட்டும்.

இத எனக்கு பழக்கி விட்டது வெள்ளகவி ஊரு பெரியவர் ஒருத்தர். மூட்டைய தலையில வச்சிட்டு ரெண்டு கையையும் வீசிட்டு எதுக்க ஏறி வந்தாரு, நாங்க மூச்சு வாங்கிட்டு நிக்கறோம், அவரு நின்னு பாத்துட்டு "தம்பி, அத உள்ள வையி. படத்த நின்னுகிட்டு எடுத்துக்க, நடக்கும்போது நட"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. அதுல இருந்து வ்யூஃபைண்டர்ல கண்ண வச்சிட்டு ஒரு அடி கூட எடுத்து வைக்கறதில்ல. ஃப்ரேம் பத்தலன்னா கேமராவ எறக்கி, கீழ பாத்து, நடந்து போய் நின்னு, அப்புறம் தூக்கறேன். டால்பின் நோஸ் மாதிரி பாறை மூக்கு நீட்டிட்டு இருக்கற எடத்துல ஃப்ரேமுக்காக பின்னாடி நகர்றவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்கும், செல்போன் ஆளுங்க கேமரா ஆளுங்கள விட மோசம்.

பேக் பேக்குக்குள்ள வைக்கிறப்ப பெரிய லென்ஸ மாட்டின படியே வைக்காதீங்க. 200-500 எம்எம் மாதிரி தூரத்துல இருக்கறத கிட்ட காட்டுற லென்ஸ் தனியாவே ரெண்டு கிலோவுக்கு மேல வரும், நீங்க குதிச்சு எறங்குற ஒவ்வொரு தடவையும் அந்த எடை பூரா மவுண்ட்ல, அதாவது லென்ஸ் கேமராவுல மாட்டுற எடத்துல, போய் இழுக்கும். கழட்டி, ரெண்டுக்கும் மூடி போட்டு, தனித்தனியா துண்டுல சுத்தி, முதுகை ஒட்டி மேல் பக்கமா வைங்க. தண்ணி பாட்டில் வேற அறையில. உண்மைய சொன்னா காட்டெருமையையும் பறவையையும் எடுக்கணும்னே போற நாள தவிர அந்த லென்ஸ் வீட்டுல இருக்கறதுதான் நல்லது. ஒரே ஒரு ஜூம், 18-140 மாதிரி, மாட்டினா மாட்டினபடி. மலையில லென்ஸ் மாத்தறதே குறைஞ்சிரும், சென்சாருக்குள்ள தூசி, மஞ்சுத் தண்ணி போறதும் குறைஞ்சிரும். மாத்தியே ஆகணும்னா காத்துக்கு முதுகு காட்டி உக்காந்து, கேமரா பாடிய கீழ் பாக்க புடிச்சு, தலையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு மாத்துங்க, பாக்கறவங்க சிரிப்பாங்க, அது ஒண்ணும் பிரச்சன இல்ல.

தோள் பட்டையில கவ்வுற மாதிரி கிளிப் வருது, பீக் டிசைன் கேப்ச்சர் கிளிப் மாதிரி. நல்ல சாமான்தான், சின்ன மிரர்லெஸ் கேமராவும் சின்ன லென்ஸும்னா அதுவே போதும். கேமரா அடியில ட்ரைபாட் மரையில ஒரு ப்ளேட் மாட்டி, அது கிளிப்புக்குள்ள சொருகும். இதுல முழு எடையும் ஒரே ஒரு கால் இன்ச் திருகாணியில நிக்குதுங்கறத மறந்துறாதீங்க. நடக்கற அதிர்வுல அது லூஸ் ஆகும். உக்காந்து இளைப்பாறும் போதெல்லாம் கையால ஒரு தடவ திருகிப் பாத்துடணும், கூடவே கேமராவுல பட்டை மாட்டுற காதுல இருந்து பைக்கு ஒரு சின்ன கயிறு தனியா கட்டி விட்டுறணும். கிளிப் கழண்டாலும் கயிறு புடிச்சுக்கும். கனமான டெலி லென்ஸ, அந்த 200-500 மாதிரி, இதுல தொங்க விட்டா ஒரு பக்கத் தோளு மட்டும் இழுக்கும், லென்ஸ் தொடையில இடிச்சிட்டே வரும், வேணாம்.

எந்த முறையா இருந்தாலும் கெளம்புறதுக்கு முந்தின நாள் மொட்டை மாடி படியில ஏறி எறங்கி பாத்துருங்க. முழு சுமையோட. முழங்கால நெஞ்சு வரைக்கும் தூக்கிப் பாருங்க, குனிஞ்சு லேஸ் கட்டுங்க, பக்கவாட்டுல சாயுங்க. கேமரா எங்கயாவது இடிச்சா பட்டைய ஏத்தி கட்டுங்க. வீட்டுல உள்ளவங்க ஒரு மாதிரிதான் பாப்பாங்க.

விழுறத பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும். வழுக்கும்போது மனுஷனுக்கு ரெண்டு கையையும் ஊனணும்னு தோணும், கையில கேமரா இருந்தா அத மேல தூக்கி காப்பாத்தணும்னு தோணும், அப்ப ஊனறது முழங்கையும் இடுப்பும்தான். எங்க கூட வந்த ஒரு நண்பர் கூக்கால் பக்கம் இப்படித்தான் கேமராவ அலுங்காம காப்பாத்தி மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டாரு, ஜீப் வர்ற எடம் வரைக்கும் அவர கூட்டி வந்த பாடு எங்களுக்குத்தான் தெரியும். கேமராவ ரிப்பேர் பண்ண ஆள் இருக்கு. வழுக்குனா அத விட்டுறணும், இத மனசுக்குள்ள முன்னாடியே முடிவு பண்ணி வச்சிக்கணும், அந்த செகண்டுல யோசிக்க முடியாது. கையிலயே இல்லாம உடம்போட கட்டியிருந்தா இந்த யோசனையே தேவையில்ல, அதுக்குத்தான் இவ்வளவு கதை.

அடுத்தது தண்ணி. மழைய எல்லாரும் எதிர்பாப்பாங்க, பழனி மலையில ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு பருவமழை போட்டு வாங்கும்னு தெரியும். தெரியாத தண்ணி ரெண்டு இருக்கு. ஒண்ணு வேர்வை. நெஞ்சுப் பையோட உள் பக்கம், அதாவது சட்டைய ஒட்டுற பக்கம், ஏத்தம் முடியும்போது நனைஞ்சு இருக்கும், வேர்வையில உப்பு வேற. பைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு கைக்குட்டைய சொருகிட்டு நிக்கற எடத்துல எல்லாம் மாத்திக்கலாம்.

இன்னொண்ணு குளிர்ந்த கேமராவுல பூக்கற தண்ணி. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் ஒசரம், பெரியகுளம் 300 மீட்டர் கூட இல்ல. ஆயிரம் மீட்டர் எறங்குனா ஆறு டிகிரி சொச்சம் சூடு கூடும்னு கணக்கு போட்டா மேலயும் கீழயும் பதினொண்ணு பன்னெண்டு டிகிரி வித்தியாசம். காலையில மன்னவனூர் பக்கம் விடிய விடிய குளிர்ல வச்சிருந்த கேமராவ அப்படியே எடுத்துட்டு டீக்கடை அடுப்பு பக்கத்துல உக்காந்தாலே கண்ணாடி வேர்த்துரும், லென்ஸுக்கு வெளியில வேர்த்தா தொடச்சிரலாம், உள்ள வேர்த்தா தொடைக்க முடியாது. வழி ரொம்ப சுலபம், குளிர்ல இருக்கும்போதே கேமராவ காத்து போகாத பைக்குள்ள போட்டு மூடிருங்க, ரூமுக்கோ ஊருக்கோ வந்து ஒரு மணி ரெண்டு மணி நேரம் தொறக்காதீங்க. பையும் கேமராவும் மெதுவா சூடாகும், பூக்கற தண்ணி பைக்கு வெளிய பூத்துட்டு போகட்டும். போட்டோவ பாக்கணும்னு அவசரமா இருந்தா பைய மூடறதுக்கு முன்னாடியே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்து வச்சுக்கங்க.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது, மார்கழி தை குளிர்ல பேட்டரி பாதியில படுத்துரும், அது செத்துப் போகல, வெறச்சுப் போயிருக்கு. ஸ்பேர் பேட்டரிய சட்டை உள்பாக்கெட்ல உடம்பு சூட்டுல வச்சுக்கங்க, வெறச்சத எடுத்து உள்ள வச்சா கொஞ்ச நேரத்துல மறுபடி கொஞ்சம் ஓடும்.

மழைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு சுத்திக்கலாம்னு நெனைக்காதீங்க. கொடைக்கானல்லயும் நீலகிரியிலயும் கேரி பேக், சின்ன தண்ணி பாட்டில் எல்லாம் தடை, செக் போஸ்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க, ஃபைனும் உண்டு, நியாயம்தான். வாய சுருட்டி பக்கிள் போடற ட்ரை பேக் ஒண்ணு வாங்கிருங்க, பத்து லிட்டர் அளவு, வருஷக்கணக்கா வரும். பேக் பேக்கோட வர்ற ரெயின் கவர மட்டும் நம்பாதீங்க, முதுகுப் பக்கம் வழியுற தண்ணிய அது தடுக்காது. ட்ரை பேக்குக்குள்ள கேமரா, அது பேக் பேக்குக்குள்ள, அப்பதான் ஓடை தாண்டும்போது நிம்மதி. கும்பக்கரை மேல ஓடையில தண்ணி எப்ப கூடும்னு சொல்ல முடியாது, மேல மலையில பேஞ்ச மழை இங்க வெயில் அடிக்கும்போது வரும், வனத்துறை அருவிய அடிக்கடி மூடறதே அதனாலதான். ஓடையில கால் வைக்கறதுக்கு முன்னாடி கேமரா உள்ள போயிறணும், பேக் பேக்கோட இடுப்பு பக்கிளயும் நெஞ்சு பக்கிளயும் கழட்டி விட்டுறணும், தண்ணி இழுத்தா பைய உதறிட்டு வெளிய வர்றதுக்கு. இது கேமராவுக்கு விரோதமான யோசனைதான், தெரியும்.

கவர வேண்டாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் குரங்கு. பில்லர் ராக்ஸ், குணா குகை பக்கம் எல்லாம் சரசரன்னு கவர் சத்தம் கேட்டாலே தின்பண்டம்னு நெனைச்சு வரும். தின்பண்டமும் கேமராவும் ஒரே பையில இருக்கக் கூடாது, முறுக்குக்காக பையோட தூக்கிட்டு போயிரும். காட்டெருமை வேற ரகம், கொடைக்கானல் ஊருக்குள்ளயே சாயங்காலம் ரோட்டுல நிக்கும், சாதுவா பாக்கும், அத நம்பி கிட்ட போய் எடுக்கறவங்க நெறய. அது புஸ்ஸுன்னு மூச்சு விட்டு தலைய எறக்குச்சுன்னா போட்டோ முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம், கேமராவ எறக்கிட்டு, ஓடாம, பாத்துகிட்டே பின்னாடி வாங்க. இங்கயும் கேமரா நெஞ்சுல கட்டியிருந்தா கண்ணும் கையும் உங்களோடது. ட்ரைபாட விரிச்சு வச்சிட்டு உக்காந்திருந்தா அத மடக்க நேரம் கெடைக்காது, விட்டுட்டு வாங்க.

எந்த ரூட்டா இருந்தாலும் வனத்துறை அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு போங்க. 2018 மார்ச்சுல எங்க மாவட்டத்துல குரங்கணி காட்டுத் தீயில 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் எங்க போகலாம் எங்க போகக் கூடாதுன்னு கெடுபிடி ஜாஸ்தி. பேரிஜம் ஏரிக்கு போகவே பர்மிட் வேணும். ட்ரோன காட்டுக்குள்ள எடுத்துட்டு போறத பத்தி பேச்சே வேணாம். அதே 2018ல மலைச் சரிவெல்லாம் குறிஞ்சி பூத்தப்ப ஒரு பூவுக்காக பாதைய விட்டு எறங்கி, ஈரப் புல்லுல உக்காந்தபடியே சறுக்குனவங்கள நானே பாத்தேன், அடுத்த பூப்பு 2030ல வரணும், அப்ப கேமரா இன்னும் ஜாஸ்தியா இருக்கும்.

வீட்டுக்கு வந்தப்புறம் செய்யற தப்புதான் லென்ஸ மெதுவா கொல்லும். அசதியில பைய மூலையில போட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கெழமதான் தொறப்போம். பையில இருக்கற ஸ்பாஞ்சு ஈரத்த உள்ளயே வச்சிருக்கும், இருட்டு, ஈரம், காத்து இல்ல, பூஞ்சைக்கு வேற என்ன வேணும். லென்ஸுக்குள்ள சிலந்தி நூலு மாதிரி கெளம்பும், விட்டா கண்ணாடி மேல இருக்கற கோட்டிங்கையே தின்னுரும். வந்த அன்னைக்கு ராத்திரியே, கேமரா ரூம் சூட்டுக்கு வந்தப்புறம், எல்லாத்தையும் வெளிய எடுத்து ஃபேன் காத்துல பரப்பி வைங்க, பைய தனியா கவுத்து வைங்க. அப்புறம் காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நின்னா போதும், 60ஐ தாண்ட விடக் கூடாது. நெறம் மாறற சிலிக்கா ஜெல் வாங்குனா எப்ப நனைஞ்சதுன்னு அதுவே காட்டும், வாணலியில சின்ன தீயில வறுத்து பழைய நெறத்துக்கு கொண்டு வரலாம், அந்த வாணலியில அப்புறம் சமைக்காதீங்க.

நனைஞ்ச கேமராவ அரிசிக்குள்ள புதைக்கறத தயவு செஞ்சு விட்டுருங்க. தவிடும் மாவும் எல்லா சந்துலயும் போய் அடையும். நனைஞ்சா முதல்ல ஆஃப் பண்ணுங்க, பேட்டரிய எடுங்க, கார்ட எடுங்க, ஆன் ஆகுதான்னு பாக்கற ஆசைய அடக்குங்க, ஈரத்தோட கரண்ட் போறதுதான் உள்ள இருக்கறத எரிக்கும். தொடச்சு, எல்லா மூடியையும் தொறந்து ஃபேன் முன்னாடி, அப்புறம் சிலிக்கா டப்பாவுக்குள்ள ரெண்டு நாளு. முடி காய வைக்கற ட்ரையர் சூடு வேணாம்.

செலவ பத்தி கேப்பீங்க. முதல்ல ட்ரை பேக், அப்புறம் சிலிக்கா டப்பா, இது ரெண்டும் இல்லாம புது லென்ஸுக்கு காசு சேக்கறதுல அர்த்தம் இல்ல. நெஞ்சுப் பைக்கு பெரிய கம்பெனி சாமான் வேணும்னு இல்ல, எங்க ஊருல ஸ்கூல் பை தைக்கற கடையில பழைய கேமரா பைய குடுத்து, நாலு மூலையிலயும் இரும்பு வளையமும் பட்டையும் வச்சு தைக்கச் சொன்னேன். நூலு மட்டும் தார்ப்பாய் தைக்கற நூலா போடச் சொல்லுங்க, ஒவ்வொரு வளையத்துக்கும் பெட்டி போட்டு குறுக்க தைக்கச் சொல்லுங்க, வாங்கும்போது அங்கயே நாலு வளையத்தையும் இழுத்துப் பாத்துட்டு காசு குடுங்க.